தீட்சையை யார் தருவது?

2021 ஆகஸ்ட் 14 அன்று முதலமைச்சரிடமிருந்து பணி ஆணை பெற்றவர்களில், அரசின் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் படித்த பல்வேறு சாதிகளைச் சேர்ந்த 24 பேர் இருந்தனர். 2008-ல் பயிற்சியை முடித்த முதல் அணியினருக்கு அந்த நாள் வருவதற்குள் பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. அன்று தொடங்கி இந்தப் பொருள் பற்றி நடக்கும் விவாதங்களைத் தொடர்ந்து கவனித்துவருகிறேன். ஒரு தரப்பு பரம்பரையைப் பற்றிப் பேசுகிறது. மறுதரப்பு அரசமைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. நீதிமன்றங்கள் ஆகமத்தையும் நியமன விதிகளையும் எடைபோடுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒரு சொல் மட்டும் ஏனோ விளிம்பிலேயே நிற்கிறது. அந்தச் சொல் தீட்சை.

ஆகம மரபில், இறைவனின் திருமேனியைத் தீண்டும் தகுதியை ஒருவருக்குத் தருவது எது? மந்திரங்கள் மனப்பாடமாகத் தெரிந்திருப்பது மட்டும் போதாது. சான்றிதழ் போதாது. சைவாகமங்களைப் பொறுத்தவரை, தந்தை அர்ச்சகராக இருந்தார் என்பதும் போதாது. ஓர் ஆசிரியர் அவரைத் தீட்சையால் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே, ‘யார் அர்ச்சகர் ஆகலாம்?’ என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி அடங்கியிருக்கிறது: யார், யாருக்குத் தீட்சை தரலாம்? இந்த இரண்டாவது கேள்வியைத் தொடாமலேயே முதல் கேள்வியைத் தீர்த்துவிட முடியும் என்று அரை நூற்றாண்டாக நம்பிக்கொண்டிருக்கிறோம். சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒரு வீட்டுப் பூசை

என் பாட்டனார் ஒரு சைவ மடத்தில் சமய தீட்சையும் விசேட தீட்சையும் பெற்றவர். விடியலில் நீராடி, திருநீறு அணிந்து, மரப்பெட்டியிலிருந்து சிறிய சிவலிங்கத்தை எடுத்துவைத்து, தம் கையாலேயே திருமஞ்சனம் செய்து வில்வம் சார்த்துவார். பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. அதே மனிதர் ஊர்க் கோயிலுக்குச் சென்றால், அர்த்த மண்டபத்துக்கு வெளியே கைகூப்பி நிற்பார். வீட்டில் சிவனைத் தொடுகிறவர் கோயிலில் ஏன் தொடக் கூடாது என்று சிறுவயதில் அவரிடம் கேட்டிருக்கிறேன். “இது ஆன்மார்த்தம், அது பரார்த்தம்” என்றார். தன் உயிர் ஈடேறச் செய்யும் பூசை ஒன்று. உலக நலனுக்காகக் கோயிலில் செய்யும் பூசை இன்னொன்று. முன்னதற்குத் தமக்குத் தகுதி உண்டு, பின்னதற்கு இல்லை என்பதில் அவருக்கு ஐயமும் இருக்கவில்லை, வருத்தமும் இருக்கவில்லை.

எனக்கு அது குறையாகப் பட்டது. ஆனால், அதைவிடப் பெரிய குறை ஒன்று அன்று என் கண்ணில் படவில்லை. எங்கள் வயலில் உழைத்தவர்களில் ஒருவர்கூட அந்த மடத்துக்குச் சென்று தீட்சை கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என்பது ஊருக்கே தெரியும். கருவறைக்கு வெளியே நின்றவரும், தமக்குப் பின்னால் ஒரு கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தார். இந்தக் கட்டுரையில் நான் எவரையேனும் குறைகூறுவதாகத் தோன்றினால், அந்தக் குறையில் என் வீட்டின் பங்கையும் சேர்த்தே சொல்கிறேன் என்று வாசகர்கள் கொள்ள வேண்டும்.

கொடுத்தலும் அழித்தலும்

தீட்சை என்ற சொல்லுக்கு மரபு தரும் விளக்கம், ஞானத்தைக் கொடுத்து மலத்தை அழிப்பது என்பதாகும். தமிழ்ச் சைவ நூல்கள் இதைத் தீக்கை என்றும் வழங்கும். குரு, பார்வையால் தரலாம், தொட்டுத் தரலாம், சொல்லால் தரலாம், மனத்தால் நினைந்து தரலாம், நூலை ஓதுவித்தும் யோகத்தாலும் தரலாம். குண்டத்தில் தீ வளர்த்துச் செய்யும் ஔத்திரி தீட்சையே பெருவழக்கு. படிநிலைகளும் உண்டு. சமய தீட்சை பெற்றவர் ஐந்தெழுத்தை ஓதும் உரிமை பெறுகிறார். விசேட தீட்சை பெற்றவர் சிவபூசை செய்யும் உரிமை பெறுகிறார். நிருவாண தீட்சை வீடுபேற்றுக்கு வழிகாட்டுவது. அதற்கும் மேலே, பிறருக்குத் தீட்சை தரவும் ஆசிரியராக விளங்கவும் உரிமை தரும் ஆசாரிய அபிடேகம்.

இந்த அமைப்பின் வரலாற்று முக்கியத்துவத்தை உபநயனத்தோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும். வைதிக நெறியின் உபநயனம் முதல் மூன்று வருணத்து ஆண்களுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. ஆகமங்கள் அந்த வேலியைத் தாண்டி வந்தன. நான்கு வருணத்தாருக்கும் பெண்களுக்கும், வேறுபட்ட அளவில் என்றாலும், தீட்சை உண்டு என்றன. தொன்மையான சைவ தந்திரங்களில் ஒன்றான சுவச்சந்த தந்திரம், தீட்சை பெற்ற ஒருவரின் முந்தைய சாதியைக் குறிப்பிடுவதையே குற்றமாகக் கருதுகிறது. தீட்சை என்பது மறுபிறப்பு என்றால், பழைய பிறப்பின் அடையாளம் அதற்குப் பின் எப்படி நீடிக்கும் என்பதே அதன் தருக்கம்.

அந்தத் தருக்கம் அப்படியே நிலைத்துவிடவில்லை. தெற்கே பின்னாளில் எழுந்த கிரியை நூல்களும் நடைமுறையும் தீட்சைக்குள்ளேயே சாதி வேறுபாட்டைக் கொண்டுவந்தன. பரார்த்த பூசைக்கு உரியவர்கள் ஆதிசைவர் எனப்படும் சிவாசாரியர்கள் மட்டுமே என்ற நிலை உறுதியானது. சிவனின் ஐந்து முகங்களிலிருந்தும் தீட்சை பெற்ற கௌசிகர், காசிபர், பரத்துவாசர், கௌதமர், அகத்தியர் ஆகிய ஐந்து முனிவர்களின் வழிவந்தோர் அவர்கள் என்பது மரபுச் செய்தி. இங்கே கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, இந்த வரையறை பிராமணர்களிலும் பெரும்பாலோரை விலக்குகிறது; ஸ்மார்த்த பிராமணர் ஒருவர் எவ்வளவு கற்றிருந்தாலும் சிவாலயத்தில் மூலவரைத் தீண்ட முடியாது. இரண்டாவது, ஆதிசைவக் குடும்பத்தில் பிறந்த பிள்ளையும் படிப்படியாகத் தீட்சைகளைப் பெற்று ஆசாரிய அபிடேகமும் முடித்த பிறகே பரார்த்த பூசை செய்யலாம். பிறப்பு ஒன்றே போதும் என்று ஆதிசைவ மரபுகூடச் சொல்லவில்லை.

கருவிலேயே ஒரு தீட்சை

வைணவக் கோயில்களுக்கு வரும்போது படம் மாறுகிறது. திருமலையிலும் திருவல்லிக்கேணியிலும் வழங்குவது வைகானச ஆகமம். திருவரங்கத்திலும் காஞ்சி வரதராசர் கோயிலிலும் வழங்குவது பாஞ்சராத்திரம். பாஞ்சராத்திர நெறியில் ஆசாரியர் தரும் தீட்சை இன்றியமையாதது. வைகானசரோ தங்களைக் கர்ப்ப வைணவர்கள் என்பர். தாய் கருவுற்ற எட்டாம் மாதத்தில் செய்யப்படும் விஷ்ணு பலி என்னும் சடங்கிலேயே, பிறக்கப்போகும் குழந்தை திருமாலின் அடியவனாகிவிடுகிறது. ஆகவே, தோளில் சங்கு சக்கரப் பொறி ஏற்கும் பஞ்ச சம்ஸ்காரம் தங்களுக்குத் தனியே தேவையில்லை என்பது அவர்கள் கொள்கை.

இந்த வேறுபாடு சட்ட விவாதத்துக்கு மிகவும் முக்கியமானது. வைகானசத்தில் தீட்சையே பிறப்போடு பிணைக்கப்பட்டிருக்கிறது; அங்கே பிறப்பை விலக்கினால் தீட்சையும் போய்விடும் என்று வாதிட இடமுண்டு. சைவாகமத்திலும் பாஞ்சராத்திரத்திலும் தீட்சை என்பது பிறந்தவனை ஆசிரியன் ஏற்றுக்கொள்ளும் செயல். அங்கே பிறப்பு நிபந்தனையாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம், ஆனால் அதுவே தீட்சை ஆகிவிடாது. ‘ஆகமக் கோயில்கள்’ என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்டிவைத்துப் பேசும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

நீதிமன்றம் நின்ற இடம்

கருவறைக்குள் நுழையும் உரிமைக்காகப் பெரியார் கிளர்ச்சியை அறிவித்த சூழலில், 1970 டிசம்பரில் மு.கருணாநிதி தலைமையிலான அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட சேஷம்மாள் வழக்கில், 1972 மார்ச் 14 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. அர்ச்சகரை நியமிப்பது சமயச் சார்பற்ற செயல். ஆகவே, பரம்பரை உரிமையை ஒழித்த சட்டம் செல்லும் என்றது. அதே தீர்ப்பு, ஆகமம் குறிப்பிடும் பிரிவைச் சேராதவர் திருமேனியைத் தீண்டினால் அது தீட்டாகும் என்ற நம்பிக்கையையும், அதற்கான உரிமையையும் ஏற்றுக்கொண்டது. அந்த இடத்தில் தீர்ப்பு எடுத்துக்காட்டியது வைகானச ஆகமத்தை. மகன் என்பதால் பதவி வராது. ஆனால், அதே பிரிவைச் சேர்ந்த வேறொருவருக்குத்தான் வரும். வாசல் திறந்ததுபோல் தோன்றியது. உள்ளே செல்லத்தான் வழியில்லை.

2002-ல் ஆதித்யன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓரடி முன்னே சென்றது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டச் சிவன் கோயில் ஒன்றில் ஈழவர் ஒருவர் பூசகராக நியமிக்கப்பட்டதை அது உறுதிசெய்தது. முறையான பயிற்சியும் தகுதியும் உடைய ஒருவரைப் பிராமணர் அல்லர் என்ற காரணத்துக்காக மட்டும் விலக்க முடியாது என்பது அதன் சாரம். இந்தத் தீர்ப்பின் பின்புலத்தில்தான் 2006 மே 23 அன்று தமிழ்நாட்டில் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற அரசாணை வந்தது. மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை ஆகிய இடங்களில் சைவப் பள்ளிகளும், திருவரங்கத்திலும் திருவல்லிக்கேணியிலும் வைணவப் பள்ளிகளும் தொடங்கப்பட்டன. 206 பேர் பயிற்சி முடித்தனர். வழக்கு அவர்களைத் தடுத்து நிறுத்தியது.

2015 டிசம்பர் 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அரசாணையை நேரடியாக ரத்து செய்யவுமில்லை, முழுமையாக வாழவிடவுமில்லை. நியமனம் ஆகமப்படி இருக்க வேண்டும், அந்த ஆகமம் அரசமைப்புக்கு முரண்படாததாக இருக்க வேண்டும், ஒவ்வொரு கோயிலையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றது. 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், அரசின் நியமன விதிகள் செல்லும் என்றாலும் ஆகமக் கோயில்களுக்கு அவை பொருந்தா என்று கூறி, எவை ஆகமக் கோயில்கள் எனக் கண்டறிய ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சொக்கலிங்கம் தலைமையில் குழு அமைத்தது. 2023 ஜூனில், சேலம் சுகவனேசுவரர் கோயில் தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றத்தின் தனி நீதிபதி, ஆகம அறிவும் பயிற்சியும் உள்ளவரின் நியமனத்தில் சாதி வழிப் பரம்பரைக்கு இடமில்லை என்றார். அவ்வாண்டு செப்டம்பரில் ஆகமக் கோயில் நியமனங்களில் அப்போதிருந்த நிலையே தொடர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்தத் தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. நீதிமன்றங்கள் பிறப்பு, பயிற்சி என்ற இரண்டு சொற்களுக்கு இடையே நடக்கின்றன. பிறப்பு கூடாது என்றால் பயிற்சி. பயிற்சி போதாது என்றால் பிறப்பு. மரபு இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்திருந்த தீட்சை, தனியான ஆய்வுக்கு உரிய பொருளாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. நியமன ஆணையை நீதிமன்றம் ஆராயலாம். பாடத்திட்டத்தையும் ஆராயலாம். ஒரு குரு ஒரு சீடரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் ஆணையிட முடியாது.

மரபு நினைவில் வைத்திருப்பது

நீதிமன்றம் ஆணையிட முடியாததை, மரபு தானாகவே செய்த தருணங்கள் உண்டு. சைவ சித்தாந்தத்தின் சந்தான குரவர் நால்வரையே எடுத்துக்கொள்வோம். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் வேளாளர் குலத்தில் பிறந்தவர். அவர் இளம் வயதிலேயே உபதேசம் செய்வதைக் கேள்வியுற்று, அவரைச் சோதிக்கத் திருவெண்ணெய்நல்லூருக்கு வந்தவர் சகலாகம பண்டிதர் எனப்பட்ட ஆதிசைவர். ஆணவ மலத்தின் வடிவம் யாது என்று அவர் கேட்க, கேட்டவர் நின்ற நிலையையே மெய்கண்டார் சுட்டினார் என்கிறது வரலாறு. பண்டிதர் அந்த இளைஞரின் அடிபணிந்து அருணந்தி சிவாசாரியர் ஆனார். இன்று கருவறையில் ஆதிசைவருக்கு மட்டுமே உரிமை உண்டு என்று வாதிடும் மரபின் தத்துவக் கால்வழியில், ஆதிசைவர் ஒருவர் வேளாளரின் சீடராக இருக்கிறார்.

நால்வரில் கடைசியானவரான உமாபதி சிவம் தில்லைவாழ் அந்தணர் மரபினர். மறைஞான சம்பந்தரைக் குருவாகக் கொண்டதால் தம் கூட்டத்தாரால் விலக்கப்பட்டு, சிதம்பரத்தின் புறத்தே கொற்றவன்குடியில் மடம் அமைத்து வாழ்ந்தவர். அவரது மடத்துக்கு விறகு கொண்டுவந்து கொடுத்த பெற்றான் சாம்பான், தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட குலத்தவர். அவருக்குத் தீட்சை தந்து முத்தி கொடுக்குமாறு தில்லைக் கூத்தனே ஓலை அனுப்பினான் என்றும், உமாபதி சிவம் அவ்வாறே நிருவாண தீட்சை தந்தார் என்றும் கதை சொல்கிறது. தீட்சை பெற்ற நொடியில் சாம்பான் ஒளியில் கலந்தார். வைணவத்திலும் இதற்கு இணையான நினைவுகள் உண்டு. ஆளவந்தாரின் சீடரான மாறனேர் நம்பி ஒடுக்கப்பட்ட குலத்தவர். அவருக்கு இறுதிக் கடன் செய்ததற்காகப் பழிக்கு ஆளானவர் பெரிய நம்பி. மதுராந்தகத்தில் இராமானுசருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் செய்துவைத்த அதே பெரிய நம்பி.

இவை புராண நடையில் சொல்லப்பட்டவை, இவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியாது என்று ஒருவர் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். இன்னும் கடுமையான ஒரு கேள்வியையும் கேட்கலாம்: சாம்பான் தீட்சை பெற்றவுடன் ஏன் மறைந்துபோக வேண்டும்? அவர் உயிரோடு இருந்து மறுநாள் மடத்தில் பந்தியில் அமர்ந்திருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும்? நந்தனாரும் தீயில் புகுந்தே தில்லைக்குள் சென்றார். ஒடுக்கப்பட்டவரை ஏற்றுக்கொள்ளும் கதைகள் அவரை உடனே ஒளியாக்கி அனுப்பிவிடுகின்றன. அதனால் ஊரின் அமைப்பு எதுவும் மாற வேண்டியதில்லை. ஆனாலும், இந்தக் கதைகளை வெளியிலிருந்து எவரும் திணிக்கவில்லை. மரபே உருவாக்கி, மரபே பாதுகாத்து, குருபூசை நாள்களில் மரபே திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறது. தகுதியைத் தருவது குருவின் அருளே என்று அது தன் மனத்தின் ஒரு மூலையில் எப்போதும் அறிந்தே இருந்தது.

அடுத்த தரப்பின் நியாயம்

பரம்பரை அர்ச்சகர்களின் அச்சங்களை வெறும் சாதிப்பிடிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. தட்டில் காசு குவியும் பெருங்கோயில்கள் சில. அவற்றை வைத்தே நாம் அர்ச்சகரின் வாழ்க்கையை அளக்கிறோம். ஒருகாலப் பூசைத் திட்டத்தில் உள்ள ஏறத்தாழ 13,000 கோயில்களின் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்தை 2021-ல் அரசு தொடங்கியது. அந்தத் தொகையே ஓர் உதவியாகக் கருதப்பட்டது என்றால், அக்கோயில்களில் விளக்கேற்றுகிறவர்களின் நிலை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். பெரிய வருமானம் ஏதுமின்றி, விட்டுப்போகாமல் பூசை செய்துவந்த குடும்பங்களிடம் ‘உங்கள் ஆதிக்கம் முடிந்தது’ என்று மட்டும் சொல்வது அறமாகாது.

அவர்களது இன்னொரு வாதத்திலும் பொருள் உண்டு. தீட்சை பாடத்திட்டத்தின் ஒரு தாள் அன்று. குருவோடு வாழ்ந்து, அவரது ஒழுக்கத்தைக் கண்டு, அவர் தகுதி பார்த்துத் தர வேண்டியது. ஓராண்டு வகுப்பின் முடிவில் சடங்காக நடத்தினால் அது தீட்சையாகுமா என்று கேட்கிறார்கள். பயிற்சி முடித்தவர்களோ, தாங்கள் முறைப்படி தீட்சை பெற்றவர்களே என்று பொதுவெளியில் சொல்லிவருகிறார்கள். இந்த இடத்தில் பரம்பரைத் தரப்பிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தரமான தீட்சை வேண்டும் என்பது உங்கள் நிபந்தனை என்றால், அதைத் தரும் ஆற்றலுள்ள ஆசாரியர்கள் உங்களிடம்தான் இருக்கிறார்கள். கேட்டு வருபவரை ஏற்றுப் பல ஆண்டுகள் பயிற்றி, தகுதி கண்டு தீட்சை தர அவர்கள் ஆயத்தமா? ‘போதிய தீட்சை இல்லை’ என்று ஒரு கையால் தள்ளிவிட்டு, ‘தீட்சை தரமாட்டோம்’ என்று மறுகையால் கதவை அடைப்பது வாதமாகாது.

கேரளம் காட்டும் பாதி வழி

கேரளத்தின் அனுபவம் இங்கே பயன்படும். 1888-ல் அருவிப்புறத்தில் நாராயண குரு சிவலிங்கத்தை நிறுவியபோதே, பிராமணர் அல்லாதவரின் பூசை மரபு அங்கே வேரூன்றத் தொடங்கியது. 1987-ல் பாலியத்தில் கூடிய தந்திரிகளும் அறிஞர்களும், பிராமணத்துவம் பிறப்பால் வருவதன்று, கர்மத்தால் வருவது என்று அறிவித்தனர். ஆலுவாவில் இயங்கும் தந்திர வித்யா பீடம் போன்ற இடங்களில் பல சாதி மாணவர்கள் பயின்றனர். ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் மனம் மாறியதால்தான் நீதிமன்றத் தீர்ப்புக்கு அங்கே நிலத்தில் ஊன்ற ஓர் இடம் கிடைத்தது. 2017-ல் திருவிதாங்கூர் தேவசம் போர்டு கோயில்களுக்குப் பிராமணர் அல்லாத 36 பேர், அவர்களில் தலித்துகள் 6 பேர், பூசகர் பணிக்குத் தேர்வாயினர்.

அதற்காகக் கேரளத்தை முழுமையான முன்மாதிரியாகக் கொண்டாட வேண்டியதில்லை. 2025-ல் இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்கம் கோயிலில் மாலை கட்டும் கழகப் பணிக்கு ஈழவர் ஒருவர் நியமிக்கப்பட்டபோது தந்திரிகள் எதிர்த்தனர். அதே ஆண்டு அக்டோபரில், தந்திர வித்யாலயங்களின் சான்றிதழைப் பணித் தகுதியாக ஏற்பதை எதிர்த்துத் தந்திரிகள் அமைப்பு தொடர்ந்த வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குறிப்பிட்ட சாதியில் பிறந்தவரே பூசகராக வேண்டும் என்பது சமயத்தின் இன்றியமையாக் கூறு ஆகாது என்றது. அங்கும் சண்டை முடியவில்லை. ஆனால், அங்கே இரு தரப்பிலும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் ஒரு தரப்பில் ஆசிரியர்களும் மறுதரப்பில் அரசும் மட்டுமே நிற்கின்றனர்.

மடங்களின் பொறுப்பு

தமிழ்நாட்டில் இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் யார்? சைவ ஆதீனங்கள் என்பதே என் விடை. திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்களின் தலைவர்கள் பிராமணர் அல்லாதவர்கள். ஆசாரிய அபிடேகம் பெற்றவர்கள். நூற்றாண்டுகளாகத் தீட்சை தந்துவருபவர்கள். தங்கள் நிர்வாகத்திலுள்ள கோயில்களில்கூட மூலவரைத் தீண்டும் உரிமை அவர்களுக்கு இல்லை. பிறப்பின் பெயரால் விலக்கப்படுவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒவ்வொரு ஆதீனமும் ஆண்டுக்குச் சிலரை, எந்தச் சாதியில் பிறந்தவராயினும், ஏற்றுக்கொண்டு, காலக்கெடு வைக்காமல் பயிற்றி, தகுதி கண்டு, படிப்படியாகத் தீட்சை தந்து வெளியே அனுப்பினால், நாளை எந்த நீதிமன்றத்திலும் ‘இவர் தீட்சை பெற்றாரா?’ என்ற கேள்விக்கு இடமிருக்காது. ‘இவருடைய குருவின் தீட்சை செல்லாதா?’ என்று கேட்க வேண்டிவரும். அப்படிக் கேட்க எவருக்கும் எளிதில் துணிவு வராது.

அரசுக்கும் செய்ய வேண்டியவை உண்டு. பயிற்சிப் பள்ளியை முடித்தவரை மூத்த அர்ச்சகர் ஒருவரின் கீழ் சில ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்த மூத்தவருக்கும் மதிப்பான ஊதியம் தர வேண்டும். பரம்பரைக் குடும்பத்திலிருந்து வருபவரும் அதே தேர்வையும் அதே தீட்சை நிபந்தனையையும் நிறைவேற்றியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். தகுதி என்ற அளவுகோல் புதிதாக வருபவருக்கு மட்டும் நீட்டப்பட்டால் அதற்குப் பெயர் தகுதி அன்று. எவை ஆகமக் கோயில்கள் என்று கணக்கெடுப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு கோயிலிலும் எந்த ஆகமம், அதில் தீட்சை பற்றிய விதி என்ன, நடைமுறை என்ன என்பதையும் சேர்த்துப் பதிவுசெய்தால் அடுத்த வழக்காவது தெளிவான தரையில் நடக்கும்.

இவற்றையெல்லாம் எழுதிவிட்டு என் வீட்டைத் திரும்பிப் பார்க்கிறேன். பாட்டனாரின் மரப்பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. உள்ளே லிங்கமும் செம்புக் கிண்ணமும் அப்படியே இருக்கின்றன. பூசை இல்லை. அவருக்குப் பின் எங்கள் குடும்பத்தில் எவரும் தீட்சை கேட்டுச் செல்லவில்லை. எங்களுக்கு வேறு வேலைகள் இருந்தன. ஊர்ச் சிவன் கோயில் அர்ச்சகரின் மகனும் படித்து வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கேட்டால் கிடைக்கக்கூடியவர்கள் நாங்கள், கேட்கவில்லை. கேட்டு, படித்து, ஆண்டுக்கணக்கில் வாசலில் நிற்பவர்களுக்கோ இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் இப்போது பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் மாலையில் மட்டும் வந்து விளக்கேற்றிவிட்டுப் போகிறார்.